அப்பா ஆபீஸ் போயிருக்கார்

என் தங்கையின் கணவருக்கு எங்கள் குடியிருப்பில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று பெயர். இத்தனைக்கும் அவர் மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இல்லை. தன் வாடகையைத் தானே கொடுத்துக்கொண்டு தன் வீட்டில் இருப்பவர்தான். ஆனால் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்காத ஆம்பிளையை என்னவென்று கூப்பிடுவது என்று எங்கள் ஜனங்களுக்குத் தெரியவில்லை. கைக்குக் கிடைத்த பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

காவல்காரர் மட்டும் கொஞ்சம் இரக்கமுள்ளவர். பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, “சார், என் மச்சினன் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். சொல்லி வைக்கட்டுமா?” என்பார். மாப்பிள்ளையும் ஒவ்வொரு முறையும், “எனக்கு வேலை இருக்குங்க” என்பார். “இருக்கும் சார், இருக்கும். நம்பிக்கைய விடாதீங்க” என்று காவல்காரர் தோளைத் தட்டி அனுப்புவார்.

உண்மையில் அவருக்கு வேலை இருக்கிறது. என்னைவிட அதிகமாகவே இருக்கிறது. லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் உத்தியோகம். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு மஞ்சள் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா? அந்த மணி போய் அடிக்கிற இடம் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளக்கும் ஏதோ ஒரு பெரிய அறை என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அது என் தங்கை வீட்டுப் படுக்கையறை. கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் திணித்து வைத்த ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் மடிக்காத துணிமலை. அந்தத் துணிமலையின் அடிவாரத்தில் உட்கார்ந்துதான் எங்கள் மாப்பிள்ளை ஊரார் உயிரைக் காப்பாற்றுகிறார்.

மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேச்சை விடக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். “எத்தனை பேர் இருக்கீங்க? யாருக்காவது நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் ஏதாவது இருக்கா? கதவ நீங்களா பிரிக்கப் பார்க்காதீங்க. காத்து வந்துட்டேதான் இருக்கும், பயப்படாதீங்க. நான் உங்ககூடவே இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்.” இதைச் சொல்லும்போது அந்தக் குரலைக் கேட்க வேண்டுமே! வெண்ணெய் தோற்றுவிடும். எனக்கே சில சமயம் போய் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்ளலாமா என்று தோன்றும்.

சரி, அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன். என் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஊர் கண் விழிப்பதற்குள் முதல் வண்டியை எடுத்தாக வேண்டும், வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் வாண்டுவை எழுப்புவது அப்பாவின் பொறுப்பு. வாண்டு அவர்களுடைய ஒரே மகள், ஐந்து வயது. எழுப்புவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அது கெஞ்சலில் தொடங்கி, மிரட்டலில் ஏறி, லஞ்சத்தில் முடிகிற காரியம். அடுத்து பல் தேய்ப்பது, அதாவது பற்பசையை அவள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. அடுத்தது ஷூ. ஒரு கால் ஷூ எப்போதும் கிடைத்துவிடும். இன்னொன்றை வீடே சேர்ந்து தேடும். வீடு என்றால் அவர் ஒருவர்தான். தெருமுனைப் பள்ளியில் அவளை விட்டுவிட்டு, ஓட்டமாக ஓடி வந்து மேஜைமுன் விழுந்தால் முதல் மணி அடிக்கும். “பதறாதீங்க, நிதானமா மூச்சு விடுங்க” என்று இவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

நடுநடுவே எங்கள் குடியிருப்பும் தன் பங்குக்கு அவரைச் சும்மா விடுவதில்லை. மேல்மாடிக்காரர்கள் வெளியூர் போனால் சாவி இவரிடம். எதிர்வீட்டுப் பார்சல் இவரிடம். குழாய் ரிப்பேர் செய்ய ஆள் வந்தால் கூடவே நின்று பார்ப்பதும் இவர். “நீங்க வீட்லதானே இருக்கீங்க” என்ற ஒரு வாக்கியம் போதும், எங்கள் கட்டடத்தில் எதை வேண்டுமானாலும் அவர் தலையில் கட்டிவிடலாம். ஊரைச் சொல்லிவிட்டு என்னை மறைத்தால் நன்றாக இருக்காது. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற சரக்குப் பெட்டிகளும் அவர் வீட்டு ஹாலில்தான் இறங்குகின்றன. எனக்கென்ன, நான் மேல்மாடிதானே, மத்தியானம் சாப்பிட வரும்போது எடுத்துக்கொள்வேன்.

மத்தியானம் அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை என்று ஒன்று உண்டு. அதில் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் வாண்டுவை அழைத்து வந்து, கை கழுவி, முட்டையை உரித்து, மஞ்சள் கருவை அவள் துப்ப, அதை இவர் வாயில் போட்டுக்கொண்டால் அதுதான் அவர் மதிய உணவு. அதோடு இடைவேளை முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆறு மணிவரை இருக்கிறதே, அங்கேதான் கதை.

இந்த வேலையை வீட்டிலிருந்து செய்யத் தரச்சொல்லி அவர் மேலதிகாரிகளிடம் மன்றாடாத நாளில்லை. காரணம் உண்டு. வாண்டு பிறந்தபோது அவர் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருந்தார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்து நகரம். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஒருமுறை வந்து ஆசையாகக் கையை நீட்டியபோது, குழந்தை அவரைப் பார்த்து யாரோ என்று வீரிட்டு அலறியது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. மனிதர் கொண்டுவந்த பொம்மையோடு வாசலிலேயே நின்றார். அன்றைக்கு முடிவு செய்தார், இனி எது போனாலும் சரி, பிள்ளையோடு இருப்பதென்று. தவம் கிடந்துதான் இந்த வரத்தை வாங்கினார்.

அந்த வரத்துக்கு ஒரு மத்தியானம் ஆபத்து வந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர், இருட்டு லிஃப்ட்டில், தனியாக. மாப்பிள்ளை தன் வெண்ணெய்க் குரலை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். “சார், கண்ண மூடிக்கோங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்த நினைச்சுக்கோங்க...”

படீரென்று கதவு திறந்தது.

“அப்பா! நான் ஆய் போயிட்டேன்! வந்து கழுவி விடுங்க!”

லிஃப்ட்டுக்குள்ளிருந்து பெரிய மனிதர் கேட்டார், “நீங்க எங்கருந்து பேசறீங்க?”

கதவைத் திறந்து வெளியே எடுத்ததும் அவர் செய்த முதல் வேலை புகார் எழுதியது. காப்பாற்றியதற்கு நன்றியெல்லாம் அப்புறம். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. கம்பெனி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரே வரியில் சொல்லிவிட்டது: இனி ஒரு தடவை வீட்டுச் சத்தம் உள்ளே கேட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டியதுதான்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்து மறுநாள் அவர் கண்டுபிடித்ததுதான் தொப்பி. ஹெட்போன் காதை அழுத்துகிறது என்று அடியில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பியை ஏற்கெனவே மாட்டிக்கொண்டுதான் இருந்தார். அதையே சட்டமாக்கிவிட்டார். “வாண்டு, இதோ பாரு. தொப்பி தலைல ஏறிடுச்சுன்னா அப்பா ஆபீஸ் போயாச்சு. அப்பா இங்க இல்ல. யாராவது இல்லாதவங்ககிட்ட பேசுவாங்களா? மாட்டாங்க இல்ல? தொப்பியக் கழட்டினா அப்பா வந்தாச்சு. சரியா?”

வாண்டுவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. தினமும் மத்தியானம் படுக்கையறை வாசலில் வழியனுப்பு விழா நடக்கும். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்பார். அவள், “பார்த்துப் போங்கப்பா” என்று டாட்டா காட்டிக் கதவைச் சாத்துவாள். ஊரில் இருக்கிற அப்பாக்கள் எல்லாம் நெரிசலில் இடிபட்டு ஆபீஸ் போக, இவர் ஒரு கதவைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

நான் முதன்முதலில் பார்த்து அசந்துபோன நாள் ஞாபகம் இருக்கிறது. என் சரக்குப் பெட்டியை எடுக்கப் போயிருந்தேன். வாண்டு ஹாலில் குப்புறப் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தொப்பியோடு தண்ணீர் குடிக்க வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார், பாட்டிலை எடுத்தார், அவளைத் தாண்டிக் கால் வைத்தார். அவள் தலையைத் தூக்கவே இல்லை. வேண்டுமென்றே, “வாண்டு, அப்பா எங்க?” என்றேன்.

“ஆபீஸ் போயிருக்கார் மாமா” என்றாள்.

அவர் அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில் நின்று மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழு அப்பாவை ஒரு தொப்பிக்குள் மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரானால் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், பிள்ளை எப்படி என்கிற மாதிரி. பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

என் தங்கைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “விளையாட்டு விளையாட்டா இருக்கற வரைக்கும் சரிதான்” என்றாள் ஒருநாள், வண்டி ஓட்டிய அலுப்போடு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே. வேறு வழி சொல் என்றால் அவளிடமும் இல்லை. எங்களில் யாரிடம்தான் இருந்தது?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் நிஜமாகவே வீட்டில் இருக்கிறார்களா, வேலை செய்கிறார்களா என்று நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம். கதவுள்ள தனி அறை இருக்க வேண்டும். சத்தம் இருக்கக் கூடாது. ஊழியர் இருக்கையில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள வேறொரு பெரிய ஆள் வீட்டில் இருக்க வேண்டும். இதில் ஒன்று இடித்தாலும் தலைமை அலுவலகம்.

மாப்பிள்ளை படியேறி என் வீட்டுக்கு வந்தார். அவர் படியேறி வந்தால் காரியம் பெரிது என்று அர்த்தம்.

“மச்சான், ஒரே ஒரு மத்தியானம். பாப்பாவப் பார்த்துக்கற ஆள் நீங்கதான்.”

“நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். வீட்டுல இருந்தா போதும்.”

“அதத்தானே நீங்க தினமும் பண்றீங்கன்னு ஊரே சொல்லுது. அது அவ்வளவு லேசுல வருமா எனக்கு?”

அவர் சிரிக்கவில்லை. “மச்சான், இது போச்சுன்னா நான் போயிடணும். பாப்பா மறுபடியும் என்னைப் பார்த்து...” என்று நிறுத்திக்கொண்டார். நானும் கேலியை நிறுத்திக்கொண்டேன். கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னேன்.

அந்த நாளும் வந்தது. துணிமலையை அலமாரிக்குள் திணித்து, கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார். வாண்டுவுக்குத் தலைவாரி, புது உடுப்பு போட்டு, “இன்னைக்கு ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கணும்” என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாண்டு இன்று பரீட்சை என்று புரிந்துகொண்டுவிட்டாள். தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

மாப்பிள்ளை தொப்பியோடு உள்ளே போனார். நான் பொறுப்பான பெரிய ஆளாகச் சமையலறையில் வாண்டுவுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு மணி அடித்து, அவர் யாரிடமோ, “எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது. சரியாக அதே நேரம் வாசல் மணியும் அடித்தது. பாலும் பொங்கியது. நான் பாலைப் பார்ப்பதா வாசலைப் பார்ப்பதா என்று தடுமாறுவதற்குள் வாண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

பெரிய கறுப்புப் பையோடு ஒரு அம்மாள் நின்றார். “அப்பா இருக்காராம்மா?”

“இல்ல ஆன்ட்டி. அப்பா ஆபீஸ் போயிருக்கார்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்தச் சத்தம் என் காதுக்குள் கேட்டது. கரண்டியோடு பாய்ந்து வந்தேன். “அய்யோ, இல்லைங்க! உள்ளதான் இருக்கார்! வேலை பார்த்துட்டு இருக்கார்!”

வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். “மாமா, அப்பா அப்பவே போயிட்டார் இல்ல? நான் டாட்டா காட்டினேனே?”

அந்த அம்மாள் என்னையும் என் கரண்டியையும் மேலும் கீழும் பார்த்தார். “போன வாரம் இப்படித்தான் ஒரு வீட்டுல. அண்ணன் ஊர் சுத்தப் போயிருக்கார், தம்பி உக்காந்து போன் பேசிட்டு இருக்கான்” என்றார். அதாவது நான் தம்பி. நாள் முழுக்க ஊரைக் கேலி பேசுகிற என் வாய், வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையே வெளியே வந்துவிட்டார். தலையில் தொப்பி, அதன்மேல் ஹெட்போன். பேச்சை விட முடியாது. ஆகவே ஒரு கையால் அம்மாளுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே, மறுகையால் தன் நெஞ்சைத் தட்டி நான்தான் நான்தான் என்று காட்டிக்கொண்டே, வாயால், “நான் உங்ககூடவே இருக்கேம்மா, எங்கயும் போகல” என்று யாரோ ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொன்னார்.

அம்மாள் குனிந்து வாண்டுவிடம் கேட்டார். “இது யாரு?”

“எங்க?”

“இதோ, முன்னாடி நிக்கறாரே.”

வாண்டு அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைத் தாண்டி, பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சுகிறார். சொல்லுடா, அப்பான்னு சொல்லு. அவள் ஒரு சின்னச் சிரிப்போடு, என்னை ஏமாற்ற முடியாது என்கிற மாதிரி, “அங்க யாரும் இல்ல ஆன்ட்டி” என்றாள்.

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, இனி ராத்திரி பஸ்தான் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஹெட்போனுக்குள் யாரோ அழுவது எனக்கே லேசாகக் கேட்டது. அவர் என்ன செய்வார்? திரும்பி உள்ளே போனார். “அழாதீங்கம்மா, மெக்கானிக் பக்கத்துல வந்துட்டார்” என்ற குரல் கதவுக்குப் பின்னால் மறைந்தது.

அம்மாள் தன் கைபேசியில் இருந்த ஊழியரின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாத்திய கதவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் அவர்தான் என்பது தெளிவாகிவிட்டது. அப்புறம் பையிலிருந்து டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். வீட்டின் சத்தத்தை அளக்கிற கருவியாம். ஹாலின் ஒவ்வொரு மூலையாக நீட்டினார். வாண்டு அதைப் பார்த்துவிட்டு மூச்சைக்கூட மெல்ல விட்டாள். கடைசியில் அம்மாள் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா ஆபீஸ் போயிட்டா உன்னை யாரும்மா பார்த்துக்கறாங்க?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தேன்.

“நானேதான்” என்றாள் வாண்டு.

“இந்த மாமா?”

“மாமா இன்னைக்குத்தான் வந்திருக்கார். பாலப் பொங்க விட்டுட்டார்.”

நான் மறுபடி சாய்ந்துகொண்டேன்.

“பசிச்சா சத்தம் போடுவியா?”

“இல்ல. டப்பால பிஸ்கட் இருக்கும்.”

“இடி இடிச்சா? பயமா இருந்தா?”

வாண்டு கிரேயானால் படுக்கையறையைக் காட்டினாள். “அந்தக் கதவுகிட்ட உக்காந்துக்குவேன். பயப்படாதீங்க, கூடவே இருக்கேன்னு அப்பா சொல்றது கேக்கும். என்கிட்ட இல்ல. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட.”

“விழுந்து அடிபட்டா அழுவ இல்ல?”

“பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்துடுவேன். அங்க அழுதா ஆபீஸுக்குக் கேக்காது.” பிறகு, இவ்வளவு தூரம் விசாரிக்கிற மனுஷியிடம் முக்கியமான சங்கதியைச் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, கீழ்வரிசையில் ஒரு முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். “இது ஆடுது. யாருக்கும் தெரியாது.”

தினமும் மத்தியானம் இந்த ஹாலுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்ன வாண்டு சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போகிறவன் நான். அவள் சௌக்கியம் மாமா என்பாள். வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிற மாதிரியே தெரியவில்லையே, எவ்வளவு சமத்து என்று நான் என் மனைவியிடம் மெச்சிக்கூடப் பேசியிருக்கிறேன்.

அம்மாள் எழுந்து புடவை மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்த நேரம் மாப்பிள்ளையும் வெளியே வந்தார். மெக்கானிக் வந்து அந்தப் பெண்ணை இறக்கிவிட்டார் போலிருக்கிறது. தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சுவரோரமாக நின்றார்.

“மேடம், குழந்தைய எப்பவும் என் மச்சான்தான்...” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் விடுங்க” என்றார் அம்மாள். “வேற ஆள் இருக்கணும்னு நாங்க கேக்கறதே சத்தம் வரக் கூடாதுன்னுதான். எத்தனை வீடு பார்த்துட்டேன் தெரியுமா? டிவி அலறுது, பிள்ளைங்க மேஜை மேல ஏறி ஆடுது. உங்க வீட்டுல கருவியில நம்பரே ஏறல சார். நீங்க வீட்டுல இருக்கறதே உங்க பொண்ணுக்குத் தெரியல! அழறதுன்னாகூட பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவாளாம். என்ன ஒரு பக்குவம்! எப்படிப் பழக்கினீங்க?”

மாப்பிள்ளை திரும்பி வாண்டுவைப் பார்த்தார்.

“நீங்க தாராளமா வீட்டுலருந்தே பண்ணலாம். எத்தனை வருஷம் வேணாலும். அடுத்த மாசம் மத்த ஊழியர்களுக்கெல்லாம் நீங்க ஒரு வகுப்பு எடுக்கணும், நான் சொல்லிடறேன். ஒரு குழந்தைய வச்சுக்கிட்டு எப்படி வேலை பாக்கறதுன்னு அவங்களும் கத்துக்கட்டும்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “ஆமா, பாப்பாவுக்குப் பல் ஆடுதாம். உங்களுக்குத் தெரியாதாமே” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

ஜெயித்துவிட்டார் மாப்பிள்ளை. எது கிடைக்க வேண்டுமென்று இத்தனை நாளும் தவித்தாரோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது. ஒரு வாழ்த்துச் சொல்லலாம் என்று எனக்கும் வாய் வரைக்கும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அடிவாங்கிய மனிதர் மாதிரி நின்றார். அப்புறம் தொப்பியையும் ஹெட்போனையும் சேர்த்துப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தார். வாண்டுவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“அப்பா வந்துட்டேன்டா.”

வாண்டு முதலில் அவரைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “சின்ன முள்ளு இன்னும் ஆறுக்கு வரலையே?”

“சீக்கிரமே வந்துட்டேன்.”

“ஏன்?”

“உன்னைப் பார்க்கணும்போல இருந்துது. பல் ஆடுதாமே, அப்பாவுக்குக் காட்டு.”

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய வாயோடு தலையை ஆட்டினாள். “சாயங்காலம் காட்டறேன்” என்றாள் பிறகு. “இப்ப ஆபீஸ் நேரம்.”

“பரவாயில்லடா. இப்பவே காட்டு. இனிமே தொப்பியெல்லாம் வேண்டாம், சரியா? நீ எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்...” குரல் உடைந்து போயிற்று. லிஃப்ட்டில் மாட்டிய அத்தனை பேரையும் தேற்றிய குரல், தன் பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் நின்றது.

உள்ளே மணி அடித்தது.

மூன்று பேருக்கும் கேட்டது. அவர் அசையவில்லை. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மணி விடாமல் அடித்தது. வாண்டு கைகளை மெல்ல உருவிக்கொண்டாள். சோபாவுக்குப் போய் தொப்பியை எடுத்துவந்து, அவர் தலையில் வைத்து, காது மூடும்வரை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள்.

“போங்கப்பா” என்றாள். “நான் இருந்துக்குவேன். அங்க யாரோ மாட்டிக்கிட்டாங்க. பாவம், தனியா இருப்பாங்க.”

அவர் எழுந்து போனார். அவள் சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.